32767: கோட் வாசிக்கும் எந்திரங்களின் வரலாறு

இந்த முறை கம்ப்யூட்டர் பக்கம் வருகிறேன். ஆனால் இது வரலாற்றுக் கட்டுரைதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், கோட் ஒரு வரிகூட கிடையாது.

32767 என்ற எண்ணை சி மொழி படித்த எல்லோருக்கும் தெரியும். 16 பிட் இடத்தில் பிளஸ், மைனஸ் இரண்டையும் வைக்க வேண்டுமென்றால் அதிகபட்சம் போகக்கூடிய எண் அதுதான். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் கணக்கு கவிழ்ந்துவிடும். வைவாவில் கேட்பார்கள், சொல்லிவிட்டு மறந்துவிடுவோம்.

இந்த எண் இரண்டு பெரிய விபத்துகளில் வந்து நிற்கிறது. ஒன்று 1996-ல், தென் அமெரிக்காவில் இன்றும் பிரான்சின் பகுதியாக இருக்கும் பிரெஞ்சு கயானாவில். இன்னொன்று 2008-ல், உலகம் முழுக்க இருந்த லினக்ஸ் சர்வர்களில். முதல் விபத்துக்கு முன்னால், கோடை வாசித்துப் பிழை சொல்லும் எந்திரத்திடம் யாரும் கேட்கவில்லை. இரண்டாவதில் எந்திரம் சொன்னதைக் கேட்டு நடந்ததால்தான் விபத்தே வந்தது!

கேட்காவிட்டாலும் ஆபத்து, கேட்டாலும் ஆபத்து என்றால் என்னதான் செய்வது? அதற்குத்தான் இந்தக் கதை.

மில் பஞ்சும் லின்ட்டும்

மில் ஊரில் பிறந்த நமக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. மில்லிலோ சுதேசி மில்லிலோ வேலை பார்த்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்து வரும்போது தலைமுடி, சட்டை, புருவம் எல்லாம் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். துணி நல்ல துணிதான், ஆனால் அதன்மேல் தூசி இருக்கும்.

ஆங்கிலத்தில் அந்தத் தூசிக்குப் பெயர் லின்ட். 1978-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் சி மொழிக்காக ஒரு கருவி எழுதி, அதற்கு இந்தப் பெயரையே வைத்தார். கம்பைலர் செய்யக் கற்றவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும், யாக் என்ற கருவியை எழுதியவரும் இவர்தான்.

லின்ட் என்ன செய்தது? புரோகிராமை ஓட்டாது. வாசிக்க மட்டும் செய்யும். வாசித்துவிட்டு "இந்த வேரியபிளுக்கு மதிப்பு தராமலே பயன்படுத்துகிறாய்", "இந்த வரிக்குக் கட்டுப்பாடு வரவே வராது", "இந்த ஃபங்ஷனுக்கு மூன்று மதிப்புகள் வேண்டும், நீ இரண்டுதான் தருகிறாய்" என்று வரிசையாகச் சொல்லும். அந்தக் காலத்து சி கம்பைலர் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. வேகமாகக் கோடை மொழிபெயர்ப்பதுதான் அதன் வேலை. கண்டிப்பான வாத்தியார் வேலையை லின்ட்டிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஓட்டாமலே வாசித்துப் பிழை கண்டுபிடிக்கும் இந்த முறைக்கு ஸ்டாடிக் அனாலிசிஸ் என்று பெயர். ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது டைனமிக் அனாலிசிஸ். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

லின்ட்டுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அது அதிகம் புலம்பும். நூறு எச்சரிக்கை சொன்னால் பல ஒன்றுமில்லாதவையாக இருக்கும். புலி வருது புலி வருது என்று கத்திய சிறுவன் கதைதான். நிஜப் புலி வந்தபோது யாரும் வரவில்லை அல்லவா? இந்தக் கருவிகளின் வரலாறு முழுக்க அந்தச் சிறுவன் கூடவே வருகிறான்.

முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்

ஏன் புலம்ப வேண்டும், சரியான பிழையை மட்டும் சொன்னால் என்ன என்று கேட்கலாம். அது முடியாது என்று கணக்கிலேயே நிரூபித்துவிட்டார்கள். அதுவும் கம்ப்யூட்டர் என்ற பெட்டி வருவதற்கு முன்பே.

1936-ல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையிலிருந்து கிடைப்பது இது: எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் "இது முடியும்" அல்லது "முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்" என்று தவறாமல் சொல்லும் பொதுவான வழி எதுவும் இருக்க முடியாது. (நம் ஊருக்கு 1936 என்றால் வேறு ஞாபகம். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்த வருடம் அது.) 1953-ல் ஹென்றி ரைஸ் இதை இன்னும் விரித்தார். புரோகிராம் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிய சுவாரசியமான எந்தக் கேள்விக்கும் இதே கதிதான் என்று காட்டினார்.

இந்த வரிசையில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. சி மொழியில் இரண்டு பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்ற கேள்விக்குப் பொதுவான விடை காண முடியாது என்பது பற்றி 1994-ல் வந்த முக்கியமான கட்டுரை ஜி. ராமலிங்கம் எழுதியது. பாயின்டரால் செமஸ்டர் தேர்வில் அவதிப்பட்டவர்கள் ஆறுதல் அடையலாம். அதில் எந்திரத்துக்கே சிக்கல்!

ஆக, கருவி செய்கிறவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, பிழை எதையும் விடமாட்டேன், ஆனால் சில பொய் எச்சரிக்கைகள் தருவேன். இரண்டு, பொய் எச்சரிக்கையைக் குறைப்பேன், ஆனால் சில பிழைகளைத் தவறவிடுவேன். மூன்றாவது வழி எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும்படி கிடையாது. இனி வரும் எல்லாக் கருவிகளையும் இந்த இரண்டில் ஒரு பக்கம் வைத்துவிடலாம்.

37 வினாடி

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புதிய ராக்கெட் ஏரியான் 5 முதன்முறையாகக் கிளம்புகிறது. உள்ளே பூமியைச் சுற்றியுள்ள காந்தமண்டலத்தை ஆராய வேண்டிய கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கு.

சுமார் 37 வினாடி எல்லாம் நன்றாகப் போனது. பிறகு ராக்கெட் திடீரென்று திசை திரும்பி, காற்றின் அழுத்தத்தில் உடையத் தொடங்கி, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. பல வருட உழைப்பு சதுப்பு நிலத்தில் விழுந்தது.

ஜாக்-லூயி லியோன்ஸ் என்ற கணித அறிஞர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஜூலையிலேயே அறிக்கை வந்துவிட்டது. காரணம் இதுதான்: ராக்கெட்டின் திசையைக் கணக்கிடும் கருவியில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு எண் 64 பிட் தசம எண்ணாக இருந்தது. அதை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஒரு வரி. எண் 32767-ஐத் தாண்டிவிட்டது. மாற்ற முடியவில்லை. கருவி நின்றுபோனது. அவசரத்துக்கு வைத்திருந்த மாற்றுக் கருவி? அதிலும் அதே புரோகிராம். அது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பிழைத் தகவலைப் பறக்கும் திசை என்று நினைத்து மெயின் கம்ப்யூட்டர் ராக்கெட்டைத் திருப்பிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்தக் கோட் ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதியது. அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஏரியான் 4-ன் பாதையில் அந்த வேகம் அவ்வளவு வரவே வராது. ஏரியான் 5 வேறு பாதையில் கிளம்பும், கிடைமட்ட வேகம் சீக்கிரமே அதிகமாகிவிடும். இதைவிடக் கொடுமை, அந்தக் கணக்கு ராக்கெட் தரையில் இருக்கும்போதுதான் தேவை. கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதேபோல் ஆபத்தில் இருந்த எண்கள் ஏழு. அதில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். மூன்றுக்கு வைக்கவில்லை. கம்ப்யூட்டரின் வேலைச்சுமையை 80 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பதால், "இந்த மூன்றும் எல்லை தாண்டாது" என்று யோசித்தே விட்டார்கள். ஏரியான் 4-க்கு அது சரியான முடிவு. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த காரணம் மட்டும் கோடோடு சேர்ந்து ஏரியான் 5-க்கு வரவில்லை.

மனிதர்கள் அந்தக் கோடை வாசிக்காமல் இல்லை. பலமுறை வாசித்திருப்பார்கள். ஆனால் "ஏரியான் 4-ல் ஓடியது" என்ற நம்பிக்கையோடு வாசித்தார்கள். எந்திரத்துக்கு அந்த நம்பிக்கை கிடையாது. "இந்த எண் 32767-க்குள் இருக்கும் என்று யார் சொன்னது?" என்று கேட்கும். எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் அன்று யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சாகியத் சிதி யூசுஃப் மாணவி

அப்படிக் கேட்பதற்கான கணிதம் 1996-ல் ஏற்கெனவே இருந்தது. வந்து 19 வருடம் ஆகியிருந்தது. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை.

1958 பிப்ரவரி 8. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். துனீசியாவின் எல்லைக் கிராமமான சாகியத் சிதி யூசுஃப் மீது பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. பள்ளிப் பிள்ளைகள் உட்பட 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பள்ளியில் உயிர் பிழைத்தவர்களில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெயர் ராதியா.

அந்தத் தேதியில் நம் ஊரும் சட்டப்படி பிரான்சுடையதுதான். நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் கைமாறினாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. காலனி என்றால் என்ன என்பதை நாமும் ராதியாவும் வெவ்வேறு விதமாகப் பார்த்திருக்கிறோம்.

ராதியா அல்ஜியர்ஸில் பொறியியல் படித்தார். பிறகு பிரான்சின் கிரெனோபிள் நகருக்குப் போனார். பின்னாளில் பாட்ரிக் கூசோவைத் திருமணம் செய்து ராதியா கூசோ ஆனார். 1977-ல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வந்த கோட்பாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரட்டேஷன் என்று பெயர். தமிழில் 'அருவப் பொருள்கொள்ளல்' என்று வைத்துக்கொள்வோம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாம் தினமும் செய்வதுதான். மைனஸ் 3571-ஐ 8243-ஆல் பெருக்கினால் விடை பிளஸ்ஸா மைனஸா? பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை, மைனஸ் என்று உடனே சொல்லிவிடலாம். எண்களை மறந்துவிட்டுக் குறிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டோம். விவரம் குறைந்தது, ஆனால் கேட்ட கேள்விக்கு விடை பொய்யில்லை.

அதேபோல் ஒரு வேரியபிளுக்கு வரக்கூடிய கோடிக்கணக்கான மதிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்காமல், "இது 0 முதல் 50,000 வரை எதுவாகவும் இருக்கலாம்" என்று ஒரு எல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு புரோகிராம் முழுக்க நடக்கலாம். ஒவ்வொரு வரியிலும் எல்லை எப்படி மாறுகிறது என்று கணக்கிடலாம். 16 பிட் பெட்டிக்குள் போடும் வரி வரும்போது, எல்லை 32767-ஐத் தாண்டினால் மணி அடிக்கலாம். தாண்டவில்லை என்றால், எந்த மதிப்பு வந்தாலும் தாண்டாது என்பது நிரூபணமாகிவிட்டது. ஆயிரம் தடவை டெஸ்ட் செய்தாலும் டெஸ்டில் வராத ஆயிரத்தோராவது தடவை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்த முறையால் சொல்ல முடியும்.

குறிகளை வைத்து மைனஸ்ஸோடு பிளஸ்ஸைக் கூட்டினால்? விடை எதுவாகவும் இருக்கலாம், "தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டும். பொய் எச்சரிக்கைகள் வரும் இடம் அதுதான். கூசோ தம்பதியர் பிழை எதையும் விடக்கூடாது என்ற முதல் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

ஏர்பஸ் விமானத்தில்

ஏரியான் விபத்துக்குப் பிறகு விஷயம் வேகமெடுத்தது. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஆலன் டாய்ச் இந்தக் கோட்பாட்டில் செய்த கருவி, ஏரியான் 5-ன் புரோகிராமை அலசப் பயன்பட்டது. அதிலிருந்து 1999-ல் பாலிஸ்பேஸ் என்ற கம்பெனி பிறந்தது. 2007-ல் அதை மேத்வொர்க்ஸ் வாங்கிக்கொண்டது. மேட்லேப் பயன்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, உங்கள் கம்பெனிதான்.

2001-ல் பாரிஸில் கூசோ தம்பதியரும் அவர்கள் குழுவும் அஸ்த்ரே என்ற கருவியைத் தொடங்கினார்கள். ஏர்பஸ் விமானத்தில் பைலட் ஸ்டிக்கை அசைத்தால் கம்பி நேராக இறக்கையை இழுக்காது. கம்ப்யூட்டர் நடுவில் நின்று முடிவெடுக்கும். அந்தக் கம்ப்யூட்டரின் கோடைச் சோதிப்பதுதான் வேலை.

முதல் முயற்சியில் 1,200 பொய் எச்சரிக்கைகள். யார் உட்கார்ந்து பார்ப்பது? அவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு வகைப் பொய்யும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த வகைக்கு ஏற்ற கணிதத்தைக் கருவிக்குள் சேர்த்தார்கள். எண்ணிக்கை 11-க்கு வந்தது. 2003 நவம்பரில் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், 1,32,000 வரி சி கோட், அதில் ஓடும்போது நின்றுபோகும் வகைப் பிழை ஒன்றுகூட இல்லை என்று தானாகவே நிரூபித்துக் காட்டினார்கள். ஆன நேரம் 1 மணி 20 நிமிடம். சாதாரண 2.8 கிகாஹெர்ட்ஸ் பிசி, 300 எம்பி மெமரி. நம் லேபில் தூசி படிந்து கிடக்கும் பழைய மெஷினே போதும்!

பிறகு ஏ380 விமானத்துக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். ராதியா கூசோ 2014 மே 1-ல் மறைந்தார். விமானக் குண்டுவீச்சில் தப்பிய சிறுமி வளர்ந்து, விமானங்கள் விழாமல் இருக்க ஒரு கணக்கைத் தந்துவிட்டுப் போனார்.

கிண்டியிலிருந்து ஒருவர்

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு தலைவலி. விண்டோஸின் நீலத் திரை பார்க்காதவர்கள் உண்டா? அதில் பெரும் பகுதிக்குக் காரணம் விண்டோஸ் இல்லை, பிரின்டர், சவுண்ட் கார்டு கம்பெனிகள் எழுதிய டிரைவர்கள். திட்டு மட்டும் மைக்ரோசாஃப்டுக்கு.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் தாமஸ் பால், ஸ்ரீராம் ராஜாமணி என்ற இருவர் ஸ்லாம் என்ற திட்டத்தை எடுத்தார்கள். ராஜாமணி சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

டிரைவருக்குச் சில விதிகள் உண்டு. உதாரணமாக, ஒரு பூட்டைப் பூட்டியவன் திறக்காமல் மறுபடி பூட்டக் கூடாது. ஸ்லாம் என்ன செய்யும் என்றால், பெரிய சி புரோகிராமை ஆம், இல்லை மட்டுமே உள்ள சின்னப் புரோகிராமாகச் சுருக்கும். அதில் விதி மீறும் பாதை இருக்கிறதா என்று தேடும். கிடைத்தால் உடனே கத்தாது. அசல் புரோகிராமில் அந்தப் பாதையில் நிஜமாகவே போக முடியுமா என்று சோதிக்கும். முடியாது என்றால், ஏன் ஏமாந்தோம் என்று பார்த்து, சுருக்கத்தில் ஒரு விவரத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி தேடும். கத்துவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும் சிறுவன்!

இதிலிருந்து வந்த ஸ்டாடிக் டிரைவர் வெரிஃபயர் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுகிறவர்களுக்கே கொடுத்தது. 2011-ல் பாலுக்கும் ராஜாமணிக்கும் இந்தத் துறையின் சி.ஏ.வி. விருது கிடைத்தது. ராஜாமணி பின்னர் பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவுக்கு வந்து அதன் தலைவரானார்.

மாணவர்களும் வாத்தியார்களும்

மேலே சொன்னவர்கள் நிரூபணக் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரும் அவர் மாணவர்களும் "எல்லாப் பிழையும் வேண்டாம், நிறையப் பிழை கிடைத்தால் போதும்" என்றார்கள். 2001-ல் அவர்கள் சொன்ன யோசனை ஒன்று எளிமையானது. ஒரு இடத்தில் பாயின்டரைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் "இது காலியா?" என்று சோதித்தால் என்ன அர்த்தம்? எழுதியவர் இரண்டு வரியில் இரண்டு விதமாக நம்புகிறார். ஒன்று சோதனை தேவையில்லை, அல்லது முதல் வரி ஆபத்து. எது சரி என்று எந்திரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. முரண்பாடு இருக்கிறது என்பதே போதும். லினக்ஸ் கெர்னலில் இப்படி நிறையப் பிழைகள் பிடித்தார்கள். அந்த மாணவர்கள்தான் பிறகு கவரிட்டி கம்பெனியைத் தொடங்கினார்கள்.

2010-ல் தங்கள் அனுபவத்தை அவர்கள் எழுதினார்கள். பொய் எச்சரிக்கைகள் 30 சதவீதத்தைத் தாண்டினால் ஜனங்கள் கருவியையே ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது அதில் ஒன்று. புலி கதைக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. இன்னொன்று இன்னும் சுவாரசியம்: எழுதியவருக்குப் புரியாத பிழையை எந்திரம் சரியாகச் சொன்னாலும், அதைப் பொய் எச்சரிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள்.

மேரிலேண்டில் வில்லியம் பியூ, டேவிட் ஹோவ்மையர் இருவரும் ஜாவாவுக்கு ஃபைன்ட்பக்ஸ் செய்தார்கள். தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் ஒன்றை ஒரு மாணவர் எழுதியிருந்தார். மாணவர்கள் செய்யும் சில்லறைத் தவறு என்று நினைத்துத்தான் அதற்கு ஒரு சோதனை எழுதினார்கள். ஓட்டிப் பார்த்தால், உலகமே பயன்படுத்தும் ஜாவா நூலகத்திலேயே அதே தவறு! மேதைகளும் நம்மைப் போலத்தான் தப்பு செய்கிறார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் நான் கண்ட மிக மனிதத்தனமான செய்தி இது.

இரண்டாவது 32767

இப்போது இரண்டாவது விபத்து. டெபியன் லினக்ஸ் தெரியும்தானே? சம்பளம் இல்லாமல் உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து செய்வது. பக்கத்து விழுப்புரத்தில் 2023 ஜனவரியில் மினிடெப்கான்ஃப் நடந்ததே, அந்த டெபியன்தான்.

வால்கிரிண்ட் என்று ஒரு கருவி. இது ஸ்டாடிக் இல்லை, டைனமிக். புரோகிராமை ஓட்டி, மதிப்பு தராத மெமரியைப் பயன்படுத்தினால் எச்சரிக்கும். 2006-ல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் இந்த எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. ஓபன்எஸ்எஸ்எல்தான் ரகசியச் சாவிகளை உருவாக்கும் நூலகம். ரகசியச் சாவிக்கு யாராலும் ஊகிக்க முடியாத எண் வேண்டும். அதற்காகக் கண்டதையும் கலக்கும். அதில் மதிப்பு தராத மெமரியும் ஒன்று. வால்கிரிண்ட் சொன்னது உண்மைதான், ஆனால் அது வேண்டுமென்றே செய்தது.

எச்சரிக்கை நிற்பதற்காக டெபியனில் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி வரி. ஒன்றை எடுத்ததில் பாதகமில்லை. இன்னொன்றுதான், ஊகிக்க முடியாத எல்லாவற்றையும் கலவைக்குள் போடும் வரி. அதுவும் போயிற்று. ஓபன்எஸ்எஸ்எல்காரர்களிடம் பொது மடலாடலில் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

எச்சரிக்கை நின்றது. எல்லாம் சுத்தம். சாவிகளும் உருவாகின, பார்க்க நிஜச் சாவி போலவே. ஆனால் கலவையில் மிஞ்சியிருந்தது ஓடும் புரோகிராமின் எண் மட்டும். லினக்ஸில் அந்த எண் வழக்கமாக எதுவரை போகும் தெரியுமா? 32767!

கோடானுகோடி சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைக்கும் 32767 சாவிகள்தான். திருடன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே 13 அன்று, லூசியானோ பெல்லோ என்ற டெபியன் டெவலப்பர் கண்டுபிடித்த பிறகு, விஷயம் வெளியே வந்தது. டெபியன், உபுண்டு இரண்டிலும் 2006 செப்டம்பர் முதல் உருவான சாவிகளை எல்லாம் தூக்கிப் போட வேண்டியிருந்தது.

கவனியுங்கள், கருவி பொய் சொல்லவில்லை. எச்சரிக்கை நின்றால் பிழை நின்றது என்று எடுத்துக்கொண்டதுதான் வினை. காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைத்த கதை.

2014, ஒரே வருடத்தில் இரண்டு

2014 பிப்ரவரியில் ஆப்பிள் போன்களில் ஒரு பாதுகாப்புப் பிழை வெளிவந்தது. 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு தடவை அடித்திருந்தது. அதனால் கீழே இருந்த முக்கியமான சோதனைக்குக் கட்டுப்பாடு போகவே போகாது. 1978-ன் லின்ட்டே சொல்லிவிடக்கூடிய வகைப் பிழை! ஆனால் எட்டாத வரிகளைக் காட்டும் எச்சரிக்கை, கிளாங் கம்பைலரில் எல்லா எச்சரிக்கையும் வேண்டும் என்று கேட்டாலும் வராத பட்டியலில் இருந்தது.

ஏப்ரலில் ஹார்ட்பிளீட். மறுபடியும் ஓபன்எஸ்எஸ்எல். இதைக் கவரிட்டி போன்ற பெரிய கருவிகளும் முன்கூட்டிப் பிடிக்கவில்லை. வெளிவந்த பிறகுதான் அந்த வகையைப் பிடிக்கப் புதிய சோதனை சேர்த்தார்கள். ஆக ஒன்று, எளிய கருவியைக் கேட்காததால் வந்தது. இன்னொன்று, சிறந்த கருவிக்கும் எட்டாதது. ரைஸ் 1953-ல் சொன்னதை யாராலும் மீற முடியவில்லை.

நமக்கு என்ன?

நம் நாட்டில் இந்த வேலை நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். புனேயில் டாடா ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வெரிஅப்ஸ் என்ற கருவி 2020-ல் சர்வதேச மென்பொருள் சரிபார்ப்புப் போட்டியில் ஒரு முக்கியப் பிரிவில் முதலிடம் வாங்கியது. சென்னைப் பக்கம் போனால், சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. அங்கே பிரான்சின் சி.என்.ஆர்.எஸ். அமைப்போடு சேர்ந்து ரிலாக்ஸ் என்ற இந்திய-பிரெஞ்சு கணினி ஆய்வுக்கூடம் இயங்குகிறது. நம் ஊரில் பிரெஞ்சு என்றாலே டூரிஸ்ட்களுக்கு மஞ்சள் சுவரும் பேக்கரியும்தான் ஞாபகம் வரும். ஏரியானும் அஸ்த்ரேயும் கூட பிரெஞ்சுதான். பிரெஞ்சு தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

இப்போது ஏ.ஐ. நமக்காகக் கோட் எழுதித் தருகிறது. நாம் எழுதாத, முழுதாக வாசிக்காத கோட் நம் பெயரில் போகிறது. ஏரியான் 5-ம் அப்படித்தான், வேறு யாரோ வேறு எதற்கோ எழுதிய கோடை நம்பியது. எனவே வாசிக்கும் எந்திரத்தின் தேவை முன்பைவிட அதிகமாகிவிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். எச்சரிக்கை ஒரு கேள்வி. 1996-ல் கேள்வியே கேட்கப்படவில்லை. 2006-ல் கேள்வி வந்தது, பதில் சொல்லாமல் கேள்வியை அழித்தார்கள். பாரிஸில் மட்டும் 1,200 கேள்விகளுக்கும் உட்கார்ந்து பதில் தேடினார்கள். அந்த விமானங்களில் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

லேபில் அடுத்த தடவை கம்பைலர் மஞ்சள் எழுத்தில் ஏதாவது சொன்னால், "வார்னிங்தானே, எர்ரர் இல்லையே" என்று தள்ளிவிடாதீர்கள். அதை நிறுத்தவும் அவசரப்படாதீர்கள். ஏன் சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லும் ஆப்ஷனைப் போட்டு, உங்கள் போன செமஸ்டர் புராஜெக்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை வந்தது, அதில் எத்தனை நிஜம் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். 30 சதவீதக் கணக்கு நம் வகுப்புக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.